இன்னொரு வாய்க்கு இடமிருந்த வீடு

கோலகங்சாருக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால், மாவட்ட நில அலுவலகத்தின் பக்கத்தில் வேலி போட்டுக் காக்கப்படும் ஒரு பழைய ரப்பர் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் அடுத்த முறை ஈப்போவிலிருந்து தைப்பிங் பக்கம் போகும்போது ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். நம் பாட்டன் பூட்டன் எல்லோரையும் கடல் தாண்டி இழுத்து வந்த மரங்களின் மூதாய் அது.

அந்த மரத்தின் கதை ஒரு வளர்ப்புப் பிள்ளையின் கதைதான். அதன் விதை பிறந்தது பிரேசில் நாட்டுக் காட்டில். 1876-ஆம் ஆண்டில் அங்கிருந்து லண்டனுக்குக் கொண்டு போகப்பட்டு, கியூ தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் முளைத்தது. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றைத் தம் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தார். இன்று வேலிக்குள் நிற்பது அந்த முதல் மரங்களில் ஒன்று என்று போற்றப்படுகிறது.

பிறந்தது ஓரிடம், முளைத்தது வேறோர் இடம், பால் கொடுத்தது நம்மிடம். பெற்ற மண் வேறாக இருந்தாலும் வளர்த்த மண்ணுக்கு அது நன்றி மறக்கவில்லை. நம் தோட்டக் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் அப்படித்தான் வளர்ந்தார்கள். அந்தக் குடும்பங்களைப் பற்றியும், கையில் காசில்லாத காலத்தில் அவை இன்னொரு வாய்க்குச் சோறு கண்டுபிடித்த விதத்தைப் பற்றியும் இந்த வாரம் உங்களோடு பேசலாம் என்று நினைக்கிறேன்.

உறவை உண்டாக்கிக் கொண்டவர்கள்

தமிழ்நாட்டில் ஒரு கிராமத்தில் பிறந்தவனுக்குச் சித்தப்பன், பெரியப்பன், அத்தை, மாமன் என்று ஊரெல்லாம் உறவு. கப்பலேறி வந்தவனுக்கு ஏது? பினாங்கிலோ போர்ட் கிள்ளானிலோ இறங்கி, தனிமைப்படுத்தும் முகாமில் சில நாள் கிடந்து, லோரியிலோ ரயிலிலோ ஏறித் தோட்டத்துக்கு வந்தபோது அவன் கையில் இருந்தது ஒரு மூட்டைதான். ஆனால் லயத்தில் ஒரு வருஷம் இருந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் அண்ணன் ஆனார். எதிர்வீட்டு அம்மா சின்னம்மா ஆனார். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக் கொண்ட கிழவி எல்லோருக்கும் பாட்டி ஆனார். சாதியும் ஊரும் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனாலும் விடியற்காலை பெரட்டுக்குப் போகிற பெண், கைக்குழந்தையை யாரோ ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. அந்த "யாரோ ஒருத்தி" நாளடைவில் உறவானாள்.

ஆகவே, நம் தோட்டத்தில் குடும்பம் என்பது பெற்றவர்களும் பெற்ற பிள்ளைகளும் மட்டும் என்று எப்போதும் இருந்ததில்லை. அதற்குப் பெரிய சாட்சி நம் வீடுகளில் வளர்ந்த சீனப் பெண் குழந்தைகள்.

முகம் சீனம், பேச்சு தமிழ்

உங்கள் லயத்திலும் ஒருவர் இருந்திருப்பார். வெள்ளைத் தோல், சிறிய கண்கள். நெற்றியில் குங்குமம், மூக்கில் மூக்குத்தி, கழுத்தில் தாலி. வாயைத் திறந்தால் சேலம் ஜில்லாத் தமிழோ தஞ்சாவூர்த் தமிழோ சரளமாக வரும். தீமிதிக்கு விரதம் இருப்பார், ரசம் வைத்தால் தெருவே மணக்கும். பெயர் லெட்சுமி என்றோ மாரியாயி என்றோ இருக்கும். சந்தையில் காய்கறிச் சீனர் அவரிடம் ஹொக்கியனிலோ கண்டனீசிலோ பேசினால், "எனக்கு அந்தப் பாஷை தெரியாதுங்க" என்று மலாயில் பதில் சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

இவர்கள் எப்படி வந்தார்கள்? கிந்தாப் பள்ளத்தாக்கு முழுவதும் அந்நாளில் ஈயச் சுரங்கம். ஈயம் விலை ஏறினால் சோறு, விலை இறங்கினால் பட்டினி. 1930-களின் பொருளாதார மந்தம் சுரங்கத்துச் சீனத் தொழிலாளியையும் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியையும் சேர்த்தே அடித்தது. அதற்குப் பிறகு 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். ஏழெட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இன்னொரு பெண் பிறந்தால் அதை வளர்க்க வழியில்லை. பெண்ணைவிட ஆணே மேல் என்ற எண்ணமும் இருந்தது. அந்த எண்ணம் சீனர் வீட்டில் மட்டுமா இருந்தது? நம் வீட்டிலும்தான் இருந்தது. அதோடு பிறந்த வருஷத்து ஜாதகமும் சேர்ந்து கொண்டது. புலி வருஷத்தில் பெண் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பியவர்கள் உண்டு. 1938-உம் 1950-உம் புலி வருஷங்கள்.

மருத்துவச்சி மூலமாகவோ, காய்கறி விற்க வரும் சீனப் பெண் மூலமாகவோ சேதி வரும். "ஒரு பெண் குழந்தை இருக்கு, எடுத்துக்கிறீங்களா?" பிள்ளையில்லாத தம்பதி எடுத்துக் கொள்வார்கள். ஆண் பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டில் எடுத்துக் கொள்வார்கள். பிள்ளைகள் நிறைய இருந்தும், "பசியிலே அழுவுது பாவம்" என்று தூக்கிக் கொண்டு வந்த தாய்மார்களும் உண்டு.

இதை எழுதும்போது கொடுத்த தாயை மறந்துவிடக் கூடாது. பத்து மாதம் சுமந்த குழந்தையை அடுத்தவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாளே, அவள் கல்நெஞ்சக்காரி அல்ல. தன் வீட்டில் இருந்தால் பிழைக்காது, தமிழர் வீட்டில் இருந்தால் பிழைக்கும் என்று கணக்குப் பார்த்தவள். பெண் பிள்ளையைத் தமிழர்கள் செல்லமாக வளர்ப்பார்கள் என்ற நல்ல பெயர் நமக்கு அப்போதே இருந்தது.

எல்லாமே இனிப்பாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. சில வீடுகளில் அந்தப் பெண்ணுக்கு வேலை அதிகம், சோறு குறைவு. "நீ எடுத்து வந்தவதானே" என்ற சொல் சண்டையில் வந்து விழும். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். கல்யாணப் பேச்சு வந்தால், "என்ன குலம், என்ன கோத்திரம்?" என்று கேட்டுத் தட்டிக் கழித்தவர்கள் உண்டு. இத்தனையும் தாண்டி அந்தப் பெண்கள் தாயானார்கள், பாட்டியானார்கள். இன்று ஈப்போவில், சுங்கை சிப்புட்டில், தெலுக் இந்தானில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் வேரில் ஒரு சீனப் பாட்டி இருக்கிறார்.

போரும் சட்டமும் பிரித்த குடும்பங்கள்

சயாம் மரண ரயிலை மறக்க முடியுமா? 1942-லும் 1943-லும் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ் ஆண்களைச் சயாம், பர்மா எல்லைக்குக் கொண்டு போனார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் பட்டினியிலும் செத்தவர்கள் போக, மிஞ்சியவர்கள்தான் திரும்பினார்கள். லயத்தில் வரிசையாகத் தாலி அறுத்த பெண்கள். தகப்பன் முகம் தெரியாத பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளை வளர்த்தது யார்? அத்தை, தாய்மாமன், பக்கத்து வீடு. இரண்டு விதவைகள் ஒரே அடுப்பில் சமைத்து, ஒருத்தி பால் வெட்டப் போக, மற்றவள் இரு வீட்டுப் பிள்ளைகளையும் பார்த்துக் கொண்ட குடும்பங்கள் உண்டு. அதற்கு என்ன பெயர் வைப்பது? குடும்பம் என்றுதான் பெயர்.

பிறகு 1969 வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுத்தால்தான் வேலை செய்யலாம் என்று சட்டம். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் திகைத்தார்கள். ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தகப்பனுக்குச் சிவப்புக் கார்டு, மகனுக்கு நீலக் கார்டு என்றிருந்த வீடுகளில் அழுகைக் குரல் கேட்டது. போனவர்கள் சிலர் படிக்கிற பிள்ளையை அண்ணன் வீட்டிலோ சிநேகிதர் வீட்டிலோ விட்டுப் போனார்கள். விட்டவர்களும் சரி, ஏற்றுக் கொண்டவர்களும் சரி, அதைப் பெரிய தியாகம் என்று பேசிக் கொள்ளவில்லை.

கூடுதல் சோறு எங்கிருந்து வந்தது?

இங்கேதான் ஒரு கேள்வி. வாங்குகிற கூலியோ கை வாய்க்கே போதாது. அப்படியிருக்க, இன்னொரு பிள்ளைக்குச் சோறு எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழவில்லை. எதையும் வீணாக்காத அந்த அடுப்படியிலிருந்துதான் வந்தது.

பால்மரமே அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது. வாளியில் ஊற்றும் பால் மட்டும் காசு அல்ல. வெட்டுப் பட்டையில் காய்ந்து ஒட்டிய பால், மங்கின் அடியில் உறைந்த பால், தரையில் சிந்திக் காய்ந்த பால் எல்லாவற்றையும் பொறுக்கிக் கோணியில் போட்டு நிறுத்தால் ஒட்டுப்பால் காசு. சிந்தினதிலும் காசு இருக்கிறது என்று தெரிந்தவள் வீட்டில் எதைத்தான் எறிவாள்?

அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்குப் போனது. சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தோம். மிஞ்சிய கஞ்சி துணிக்குப் போனது. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. பச்சை மிளகாயும் வெங்காயமும் போதும். அடுப்புச் சாம்பல் பாத்திரம் விளக்கியது. மிஞ்சியது கத்தரிச் செடிக்குப் போனது. தேங்காய் துருவியதும் சிரட்டை அகப்பையானது அல்லது விறகானது, நார் தேய்ப்பானானது. பழைய ரப்பர் மரத்தை வெட்டிச் சாய்த்தால் கிளையெல்லாம் லயத்துக்கு விறகு.

கெட்டிப்பால் டின்னை நினைத்துப் பாருங்கள்! பால் தீர்ந்ததும் அதற்கு எத்தனை பிறவி! அரிசி அளக்கிற படி, கடையில் தேத்தண்ணீர் கட்டிக் கொண்டு வருகிற குவளை, குளிக்கிற சொம்பு, விளக்குக் கூடு, பிள்ளைகளின் டெலிபோன். மண்ணெண்ணெய் டின் தண்ணீர் வாளியானது. மாவுச் சாக்கைத் துவைத்துத் தலையணை உறை தைத்தார்கள். சிறுவனுக்கு உள்சட்டையும் தைத்தார்கள். அம்மாவின் பழைய புடவை முதலில் தொட்டில் கட்டியது, பிறகு போர்வையானது, கடைசியில் அடுப்படித் துணியானது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சாண் மண் கிடைத்தால் போதும். முருங்கை, கறிவேப்பிலை, பசலை, கங்கோங், மிளகாய், வெண்டை, வேலியோரம் மரவள்ளி. ஜப்பான்காரன் காலத்தில் நம்மைக் காப்பாற்றியது அந்த மரவள்ளிதான் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். மாடு வைத்திருந்தவர்கள் பால் விற்றார்கள். சாணம் செடிக்கு எருவானது. அண்டை வீட்டோடு கொடுக்கல் வாங்கலும் இருந்தது. முருங்கைக்காய் இங்கிருந்து போகும், கத்தரிக்காய் அங்கிருந்து வரும். புதுக்கிராமத்துச் சீனர் பன்றிக்குப் போட மிச்சமீதி கேட்டு வருவார். பெருநாளில் ஆரஞ்சுப் பழம் கொண்டு வந்து கொடுப்பார். கம்பத்து மக்சிக் டூரியான் கொண்டு வந்தால், தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு முறுக்கு போகும்.

இன்று உலகமே இதைப் பற்றிப் பேசுகிறது. சுற்றுச்சூழலைக் காப்போம், குப்பையைக் குறைப்போம் என்று மாநாடு போடுகிறார்கள். நம் பாட்டிமார்கள் மாநாட்டுக்குப் போகாமலே செய்து காட்டினார்கள்.

பெருமை வேண்டும், மயக்கம் வேண்டாம்

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சிக்கனம் விரும்பிச் செய்த நோன்பு அல்ல. கூலி குறைவு, அதனால் வந்த பழக்கம். விடியற்காலையில் எழுந்து, பெரட்டுக்குப் போய், நிரை முடித்து, காண்டா வாளி சுமந்து, வீட்டுக்கு வந்து விறகு பிளந்து, தண்ணீர் இறைத்து, புகையில் சமைத்து, சாம்பலில் விளக்கியது யார்? பெண்கள். அடுப்புப் புகையில் கண்ணும் நெஞ்சும் கெட்டவர்கள் அவர்கள்தான். "அந்தக் காலம் பொற்காலம்" என்று ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது சுலபம். ஆகையால் பழைய வறுமையை மீண்டும் கொண்டு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வறுமை கற்றுக் கொடுத்த நல்ல பாடத்தை, வறுமை போன பிறகும் வைத்துக் கொள்ளலாமே என்றுதான் சொல்கிறேன். அந்த வேலையை வீட்டில் எல்லோரும் பகிர்ந்து கொள்ளலாமே என்றும் சொல்கிறேன்.

சிக்கனம் என்ன செய்யும் என்பதற்கு நம் பேராக்கிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடலில் வேலையும் போனது, வீடும் போனது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் அப்போது தோட்டம் தோட்டமாகப் போய், "பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம்" என்ற கருத்தைச் சொன்னார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அது வாங்கிய முதல் தோட்டம். அந்தப் பத்து வெள்ளி எங்கிருந்து வந்தது? தேத்தண்ணீரில் சர்க்கரை குறைத்த வீட்டிலிருந்து, ஒட்டுப்பால் காசைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்த வீட்டிலிருந்து வந்தது. சிந்தாமல் சேர்த்த துளி ஒன்றாகச் சேர்ந்தபோது தோட்டமே வந்தது.

அடுக்குமாடியில் என்ன செய்வது?

இன்று ரப்பர் பெரும்பாலும் செம்பனையாகிவிட்டது. செம்பனையும் பல இடங்களில் வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. லயத்து வீடு இடிந்தது. நம் பிள்ளைகள் ஈப்போவில், புந்தோங்கில், மெங்லெம்புவில் மலிவு விலை அடுக்குமாடியில் இருக்கிறார்கள். "மண்ணே இல்லை, மாடு எங்கே கட்டுவது?" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். மாடு வேண்டாம். சின்னச் சின்ன காரியங்கள் போதும்.

வெயில் படும் வராந்தாவில் நான்கு தொட்டி வையுங்கள். பழைய சாய டின், உடைந்த வாளி எதுவானாலும் சரி, அடியில் துளை போட்டால் தொட்டிதான். கறிவேப்பிலை, மிளகாய், பண்டான், பசலை நான்கும் அதில் வரும். காய்கறித் தோலையும் தேத்தூளையும் முட்டை ஓட்டையும் ஒரு மூடிய வாளியில் காய்ந்த இலையோடு அடுக்கி மண் போட்டு வாருங்கள். சில வாரங்களில் நல்ல எரு. குப்பையைக் கொளுத்தாதீர்கள், திறந்தவெளியில் கொளுத்துவது சட்டப்படி குற்றம், பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்கும் கேடு.

மழைத் தண்ணீர் பிடிக்கிறீர்களா? நல்லது. ஆனால் பீப்பாயை வலைத்துணியால் இறுகக் கட்டி மூடுங்கள். திறந்து வைத்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும், டிங்கிக் காய்ச்சல் வரும். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துக் கழுவுங்கள். பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் போத்தலில் சேர்த்து வைத்தால் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சந்தைக்குப் போகும்போது துணிப்பை. சாப்பாடு வாங்கப் போகும்போது பாட்டியின் டிபன் கேரியர். அலமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கிறதே, அதை இறக்குங்கள்!

கல்யாணத்திலும் பிறந்தநாளிலும் சோறு மிஞ்சினால் குப்பைக்குக் கொட்டாதீர்கள். கெடுவதற்கு முன்பே பொட்டலம் கட்டி, தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக்கோ அனாதை இல்லத்துக்கோ அனுப்புங்கள். மிச்சம் பிடித்த காசையும் சோற்றையும் யாருக்காவது கொடுக்கும்போதுதான் சிக்கனத்துக்கு மரியாதை. இல்லாவிட்டால் அதன் பெயர் கஞ்சத்தனம்.

அன்பு போதும், ஆனால் காகிதமும் வேண்டும்

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தாய்மார்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

அந்நாளில் பிள்ளையைத் தூக்கி வந்தார்கள், வளர்த்தார்கள். பதிவு செய்யவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லை, அல்லது பெற்றவர் பெயரில் எங்கோ கிடந்தது. சில பேர் தாங்களே பெற்றதாகப் பொய்ப் பதிவு செய்தார்கள். அது குற்றம், பிற்காலத்தில் வெளியே வந்தால் அந்தப் பிள்ளையின் குடியுரிமைக்கே ஆபத்து. பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்கப் போகும்போது பிரச்சினை தொடங்கும். பள்ளி, வேலை, கல்யாணம், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு வாசலிலும் தொடரும். அது அடுத்த தலைமுறைக்கும் போகும். பால் ஊட்டி வளர்த்த பிள்ளை ஒரு காகிதம் இல்லாமல் தெருவில் நிற்கலாமா?

நம் நாட்டில் இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, 1952-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம். இது முஸ்லிம் அல்லாதவர்களுக்கு. நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் அந்தப் பிள்ளை சட்டத்தின் கண்ணில் உங்களுக்குப் பிறந்த பிள்ளைதான், சொத்துரிமை உட்பட. இரண்டாவது, அதே 1952-இல் வந்த தத்தெடுப்புப் பதிவுச் சட்டம். பதினெட்டு வயது நிரம்பாத, கல்யாணமாகாத பிள்ளையை இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ந்து வளர்த்து வந்திருந்தால் தேசியப் பதிவு இலாகாவில் பதியலாம். இதில் செலவும் அலைச்சலும் குறைவு. ஆனால் சொத்து தானாக அந்தப் பிள்ளைக்குப் போகாது. ஆகவே இந்த வழியில் போனவர்கள் உயில் எழுதி வைக்க வேண்டும். பதினெட்டு வயது தாண்டிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். "பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தத்தெடுத்த காகிதம் மட்டும் குடியுரிமை தராது. அது தனி விஷயம், தனியாக விசாரிக்க வேண்டும். பிறந்ததும் கைவிடப்பட்டுத் தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு என்று 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே கைவிடப்பட்ட குழந்தை என்றால், எங்கே, எப்போது கிடைத்தது என்று போலீஸ் புகார், ஆஸ்பத்திரிக் காகிதம் அனைத்தையும் பத்திரமாக வையுங்கள்.

கல்யாணத்துக்கும் இதே பேச்சுதான். 1976-ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. பதிவு இல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமையைத்தான் பார்ப்பார்கள். தாய் வெளிநாட்டவரானால், அல்லது அவருக்கே காகிதம் சரியில்லாவிட்டால், இந்த மண்ணிலே பிறந்த பிள்ளை நாடற்ற பிள்ளையாகிவிடும். தமிழர் சீனரைக் கட்டினாலும், சீனர் தமிழரைக் கட்டினாலும், தமிழரே தமிழரைக் கட்டினாலும் முதலில் பதிவு, பிறகு பந்தி!

பிள்ளையிடம் எப்போது சொல்வது?

"நீ நாங்கள் எடுத்து வளர்த்த பிள்ளை" என்பதை எப்போது சொல்வது என்று பல தாய்மார்கள் தவிக்கிறார்கள். சின்ன வயதிலேயே, மடியில் வைத்துக் கொண்டு, கதை போலச் சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். அதுவும் ஒரு சண்டை நாளில் சொல்வாள். தாய் வாயால் கேட்டால் அது கதை. மற்றவர் வாயால் கேட்டால் அது காயம். பெற்றவளைப் பற்றித் தெரிந்தால் நல்ல விதமாகச் சொல்லுங்கள். அவளைத் திட்டினால் பிள்ளை தன் பாதி உடம்பைத் திட்டினதாக நினைக்கும்.

உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாயைப் பார்த்து, "புருஷன் எங்கே?" என்று கேட்காதீர்கள். சிங்கப்பூரில் மகனும் மருமகளும் வேலை செய்ய, இங்கே பேரப்பிள்ளையை வளர்க்கும் தாத்தா பாட்டியைப் பார்த்து, "பெத்தவங்க வரலையா?" என்று கேட்காதீர்கள். கேட்பதற்குப் பதிலாக, "சாப்பிட்டாச்சா?" என்று கேளுங்கள். லயத்தில் அப்படித்தான் கேட்டார்கள்.

வயதான ரப்பர் மரத்தை அந்நாளில் வெட்டி அடுப்பில்தான் வைத்தோம். இன்று அதே மரத்தை மேசையாகவும் நாற்காலியாகவும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். பால் வற்றிய மரத்துக்கே இன்னொரு வாழ்வு உண்டு என்றால், மனிதருக்கு இல்லையா?

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நம் வீட்டில் யார் யாரை யார் வளர்த்தார்கள்?" என்று கேளுங்கள். பேரப்பிள்ளைகளும் கேட்கட்டும். சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பிறகு வீட்டில் உள்ள பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம் எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள். ஏதாவது குறைந்தால் திங்கட்கிழமை காலையிலேயே பதிவு இலாகாவுக்குப் புறப்படுங்கள். அன்று சமைக்கும்போது, உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடுங்கள். யாராவது வருவார்கள்.